மூர் என்ற சொல் கல்முனைக்கு வந்த வழி

கல்முனையிலோ சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ பிறந்த ஒரு முஸ்லிமின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பெற்றோரின் இனம் என்ற இடத்தில் 'இலங்கைச் சோனகர்' என்று எழுதியிருக்கும். வெளிநாடு போவதற்காக அதையே ஆங்கிலத்தில் பெயர்த்து வாங்கினால் அந்த இடத்தில் 'மூர்' என்று வரும். அந்தப் பத்திரத்துக்கு உரியவரைச் சந்தையில் நிறுத்தி நீங்கள் யார் என்று கேட்டால் இந்த இரண்டு சொல்லில் ஒன்றும் அவருடைய வாயில் வராது. முஸ்லிம் என்பார். இன்னும் கொஞ்சம் பேசினால் நிந்தவூர், மருதமுனை, சாய்ந்தமருது என்று ஊரைச் சொல்வார். சோனகர் என்பது கச்சேரிக்கும் பதிவாளருக்கும் உரிய சொல்லாகவே அங்கே இருக்கிறது.

ஆங்கிலத்திலும் இது இன்று புழக்கத்தில் உள்ள சொல் அல்ல. இலண்டனில் பக்கத்து வீட்டு முஸ்லிமை எவரும் மூர் என்று அழைப்பதில்லை. சேக்ஸ்பியரின் நாடகத்திலும், ஸ்பெயினின் பழைய வரலாற்றிலும், கட்டடக் கலை பற்றிய நூல்களிலும்தான் அது மிஞ்சியிருக்கிறது. ஆனால் இலங்கை அரசு இன்னமும் உயிரோடு இருக்கும் மனிதர்களை இந்தச் சொல்லை வைத்து எண்ணுகிறது. 2012ஆம் ஆண்டுச் சனத்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் ஏறத்தாழ 9 சதவீதத்தினரும், அம்பாறை மாவட்டத்தில் ஏறத்தாழ 43 சதவீதத்தினரும் இந்தப் பெயரின் கீழ் வந்தார்கள். எங்கேயோ பிறந்த இந்தச் சொல் இந்தக் கரைக்கு எப்படி வந்தது?

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். ஆங்கில அகராதியில் 'மூர்' என்ற ஒலியில் மூன்று சொற்கள் இருக்கின்றன. ஒன்று புதர் மண்டிய மேட்டுநிலம். இன்னொன்று படகைக் கயிற்றால் கட்டி நிறுத்துவது. கடலோடிகளாக வந்தவர்கள் என்பதால் இந்தப் படகு கட்டும் சொல்லிலிருந்தே இனப்பெயர் வந்தது என்று நம்புகிறவர்கள் உண்டு. மரக்கலத்திலிருந்து மரைக்காயர் வந்தது என்ற விளக்கத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது பொருத்தமாகவும் படும். ஆனால் மூன்றும் வெவ்வேறு வேரில் பிறந்தவை. நாம் தேடுவது மூன்றாவது சொல்.

அது உரோமர்களுடையது. இன்றைய மொரோக்கோவும் அல்ஜீரியாவின் மேற்குப் பகுதியும் சேர்ந்த நிலத்தை அவர்கள் மவுரெத்தானியா என்றார்கள். அங்கே வாழ்ந்தவர் மவுருஸ். அந்த மக்கள் பெர்பர் இனத்தவர். இஸ்லாம் தோன்றுவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்தப் பெயர் இருந்தது. ஆகவே தொடக்கத்தில் அதற்கும் மதத்துக்கும் தொடர்பில்லை. மவுருஸ் என்பதிலிருந்து மொரீஸ் என்ற ஆட்பெயர் வந்தது. அந்தப் பெயரைத் தாங்கிய ஒல்லாந்து இளவரசர் ஒருவரின் நினைவாக 1598இல் ஒல்லாந்தர் ஒரு தீவுக்குப் பெயரிட்டார்கள். நம்மவர்கள் கரும்புத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்த மொரீசியஸ் அதுதான். மவுருஸ் என்ற ஒரு வேரிலிருந்து கிளைத்த பெயர்கள் இப்படி எங்கெல்லாமோ போயிருக்கின்றன.

711ஆம் ஆண்டில் வட ஆபிரிக்காவிலிருந்து முஸ்லிம் படைகள் ஸ்பெயினுக்குள் நுழைந்தன. படையில் பெரும்பாலோர் பெர்பர்கள். அதன்பின் கிரனாடா வீழ்ந்த 1492 வரை, ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் அந்தத் தீபகற்பத்தில் முஸ்லிம் அரசுகள் ஏதோ ஒரு பகுதியில் இருந்தன. இந்த நீண்ட காலத்தில்தான் சொல்லின் பொருள் திரும்பியது. ஸ்பானியர் 'மோரோ' என்றும் போர்த்துக்கேயர் 'மவுரோ' என்றும் சொன்னபோது அது ஒரு நாட்டவரைக் குறிக்கவில்லை. முஸ்லிம் என்றும் எதிரி என்றும் ஒரே மூச்சில் குறித்தது.

அந்தச் சொல்லைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போர்த்துக்கேயர் கிழக்கே வந்தார்கள். 1498இல் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் கள்ளிக்கோட்டையை அடைந்தபோது, கரைக்கு அனுப்பப்பட்ட ஆளை முதலில் எதிர்கொண்டவர்கள் தூனிஸ் நகரத்து முஸ்லிம்கள் இருவர். அவர்களுக்கு ஸ்பானிய மொழி தெரிந்திருந்தது. இங்கே எதற்காக வந்தீர்கள் என்று அந்த மொழியிலேயே கேட்டார்களாம். அவர்களை மூர் என்று எழுதியது ஓரளவு பொருந்தும். ஆனால் மலையாளம் பேசிய மாப்பிள்ளைமாரையும், தமிழ் பேசிய காயல்பட்டினத்தாரையும், சில ஆண்டுகள் கழித்துக் கொழும்பில் கண்ட வணிகர்களையும் அதே பெயரால் எழுதினார்கள். உள்ளூர்க்காரரைத் 'தரையின் மூர்' என்றும் அரேபியாவிலிருந்து வந்தவரை 'மக்காவின் மூர்' என்றும் பிரித்துச் சொல்லுமளவுக்கு வேறுபாடு அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் பெயரை மாற்றவில்லை. ஸ்பானியர் மறுபக்கமாகப் பிலிப்பைன்சை அடைந்து அங்கிருந்த முஸ்லிம்களுக்கும் மோரோ என்று பெயர் வைத்தார்கள்.

ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இந்தப் பெயரைக் கேள்வியின்றி எடுத்துக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் இந்துஸ்தானி மொழியையே 'மூர்ஸ்' என்று அழைத்தார்கள். 1772இல் ஜோர்ஜ் ஹட்லி என்பவர் அந்த மொழிக்கு இலக்கணம் எழுதியபோது தலைப்பிலேயே அப்பெயர் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இந்த வழக்கம் ஓய்ந்துபோனது. இலங்கையில் ஓயவில்லை. இங்கே அது வாய்ச்சொல்லாக மட்டும் இருக்காமல் சனத்தொகைக் கணக்கெடுப்பின் பிரிவாக மாறிவிட்டிருந்தது. 1911இல் அதை இரண்டாகப் பிரித்து இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று எண்ணினார்கள். தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரித்ததும் அதே கணக்கெடுப்பில்தான்.

இனித் தமிழ்ச் சொல்லைப் பார்ப்போம். மூர் என்பதன் மொழிபெயர்ப்பாகச் சோனகர் என்று அரசு எழுதுகிறது. ஆனால் இந்தச் சொல்லுக்குத் தனியாக ஒரு நீண்ட பயணம் உண்டு. இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் அயோனியா என்ற கிரேக்கப் பகுதி இருந்தது. பாரசீகர் அதைக்கொண்டு கிரேக்கர் அனைவரையும் யவுன என்றார்கள். அசோகனின் கல்வெட்டில் அது யோன. சங்கப் புலவர்கள் மிளகு வாங்கக் கப்பலில் வந்தவர்களை யவனர் என்றார்கள். மகாவம்சம் அனுராதபுரத்தில் யோனருக்கு இடம் ஒதுக்கிய செய்தியைச் சொல்கிறது. கிரேக்கரும் உரோமரும் வருவது நின்று, அதே கடல்வழியில் அரபு வணிகர் வரத் தொடங்கியபோது பெயர் அவர்களுக்கு மாறியது. யோனக, ஜோனக, சோனக என்று ஒலியும் திரிந்தது. கேரளத்தில் முஸ்லிம் மாப்பிள்ளையைக் கிறிஸ்தவ மாப்பிள்ளையிலிருந்து பிரித்துக்காட்ட ஜோனக மாப்பிள்ளை என்றார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டொன்றில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், சோனகன் சாவூர் பரஞ்சோதி என்று ஒருவரின் பெயர் வருகிறது. சிங்களத்திலும் அரச ஆவணங்களில் உள்ள சொல் யோனக என்பதுதான். மரக்கல என்பது பேச்சுவழக்கு.

மூர் பிறந்த இடம் மத்தியதரைக் கடலின் மேற்கு வாசல். சோனகர் பிறந்த இடம் அதன் கிழக்குக் கரை. ஒன்று பெர்பரைக் குறித்தது, மற்றது கிரேக்கரை. அரேபியாவுக்கு இரண்டிலும் இடமில்லை. கல்முனைக்கும் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று சமம் என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மேசையில் பொருத்திவைத்தார்கள். அந்தப் பொருத்தம் இன்றும் செல்லுபடியாகிறது.

ஆங்கில இலக்கியத்தில் இந்தச் சொல்லுக்குக் கிடைத்த மிகப் பெரிய இடம் சேக்ஸ்பியரின் ஒதெல்லோ. அதன் முழுப்பெயரிலேயே 'வெனிஸ் நகரத்து மூர்' என்று இருக்கிறது. 1604 நவம்பர் 1ஆம் திகதி அரச மாளிகையில் அது நடிக்கப்பட்டது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் மொரோக்கோ அரசரின் தூதர் பரிவாரத்தோடு இலண்டனுக்கு வந்து மாதக்கணக்கில் தங்கியிருந்தார். அவரை வரைந்த ஓவியம் இன்றும் இருக்கிறது. ஸ்பெயினுக்கு எதிராக முதலாம் எலிசபெத் அரசிக்கு மொரோக்கோவின் நட்பு தேவைப்பட்டது. அதே அரசியின் பெயரில்தான் இங்கிலாந்திலிருந்த கறுப்பின மக்களை வெளியேற்றுவதற்கான ஆணைகளும் எழுதப்பட்டன. தூதருக்கு ஒரு முகமும் வேலைக்காரருக்கு ஒரு முகமுமாக நகரம் இருந்த காலத்தில் எழுதப்பட்ட நாடகம் அது.

கதை பலருக்கும் தெரியும். வெனிஸ் அரசின் படைத்தளபதி ஒதெல்லோ, கறுத்தவர், வேற்றூரார். பிரபு ஒருவரின் மகள் டெஸ்டிமோனா அவரை விரும்பி மணக்கிறாள். இயாகோ என்ற கீழ்நிலை அதிகாரி ஒரு கைக்குட்டையை வைத்து அவள்மீது சந்தேகத்தை ஊட்டுகிறான். ஒதெல்லோ அவளைக் கொன்று, உண்மை தெரிந்தபின் தன்னையும் மாய்த்துக்கொள்கிறார். இதில் அதிகம் பேர் கவனிக்காத ஒன்று உண்டு. முதல் காட்சி முழுவதும் இவரைப் பற்றியே பேசுகிறார்கள். ஒருவர்கூட பெயரைச் சொல்வதில்லை. மூர் என்கிறார்கள், உடலைக் கேலி செய்கிறார்கள், மிருகத்தோடு ஒப்பிடுகிறார்கள். பார்வையாளர் அவருடைய பெயரை முதன்முதலில் கேட்பது மூன்றாவது காட்சியில், வெனிஸ் ஆட்சித் தலைவரின் வாயிலிருந்து. துருக்கியக் கப்பல்கள் சைப்பிரசை நோக்கி வருகின்றன என்ற செய்தி அப்போதுதான் கிடைத்திருக்கிறது. தளபதி உடனே தேவைப்படுகிறார். ஆகவே பெயர் வருகிறது.

இந்த நாடகம் தமிழுக்கு வந்த விதமும் சுவாரசியமானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில் 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா இதைத் தழுவி எழுதினார். வெனிஸ் கொற்கையானது. மூர் யாராக வேண்டும்? தமிழகத்துத் துறைமுகமொன்றில் வேற்றூர்த் தளபதியாக யாரை நிறுத்தினால் வாசகர் நம்புவார் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். நாடகத்துக்கு 'உதயலன் என்னும் கொற்கைச் சிங்களவன்' என்று பெயர் வைத்தார். சோனகரை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. கொற்கைக்கும் காயலுக்கும் சோனகர் வேற்றூரார் அல்ல என்பது திருநெல்வேலிச் சீமையில் பிறந்த அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இது என் ஊகம்தான். எனினும் அகராதி சமம் என்று சொன்ன இரண்டு சொற்களை ஒரு நல்ல எழுத்தாளர் சமமாக எடுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

சேக்ஸ்பியரை ஈழத்துத் தமிழுக்கு அறிமுகம் செய்தவரும் இந்தக் கரையைச் சேர்ந்தவர்தான். சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே உள்ள காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்து 'மதங்க சூளாமணி' எழுதினார். ஒரு பக்கம் முஸ்லிம் ஊர், மறுபக்கமும் முஸ்லிம் ஊர், இடையில் தமிழ் ஊர். அம்பாறைக் கரை நெடுகிலும் ஊர்கள் இப்படித்தான் மாலையில் கோத்ததுபோல் கிடக்கின்றன.

கொழும்பில் இந்தப் பெயர் சண்டைக்கு உரியதானது 1880களில். அன்று சட்டவாக்க சபையில் தமிழ் பேசுவோர் அனைவருக்குமாக ஒரு உறுப்பினர்தான். 1879 முதல் அது பொன்னம்பலம் இராமநாதன். முஸ்லிம்கள் தமக்குத் தனி உறுப்பினர் கேட்கத் தொடங்கிய வேளையில், 1888இல் ரோயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளையில் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டும் முஸ்லிம் என்பதே அதன் சாரம். மொழி, திருமணச் சடங்கு, உடல்தோற்றம் எல்லாவற்றையும் சான்றாக எடுத்தார். அடுத்த ஆண்டு எம். சி. அப்துல் ரஹ்மான் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். கட்டுரை அரசிடம் எடுபடவில்லை. முஸ்லிம்களின் மனதிலோ அது ஆழமாகப் பதிந்துவிட்டது.

பதில் 1907இல் நூலாக வந்தது. எழுதியவர் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ். எங்கள் முன்னோர் அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள், வணிகத்துக்காகத் தமிழை ஏற்றார்கள், மொழியை வைத்து இனத்தைத் தீர்மானிக்க முடியாது என்றார். வேடிக்கை என்னவென்றால், எதிரி என்ற பொருளில் போர்த்துக்கேயர் வீசிய சொல் இப்போது அரபு வம்சத்துக்கு அத்தாட்சியாகிவிட்டது. 'மூர்' என்று வெள்ளைக்காரர் எழுதியிருப்பதே நாங்கள் தமிழர் அல்ல என்பதற்கு ஆதாரம். சேர் ராசிக் பரீத் போன்றோர் 1944இல் சோனகர் இஸ்லாமியக் கலாசார நிலையத்தை அமைத்தபோதும் இந்தப் பெயரைப் பெருமையோடுதான் வைத்தார்கள்.

இராமநாதன் சொன்னதில் உண்மை இல்லையா என்றால், நிறைய உண்டு. அப்துல் அஸீஸ் சொன்னதிலும் உண்டு. ஆனால் இருவரும் மொழியாராய்ச்சி செய்து கொண்டிருக்கவில்லை. ஒரு ஆசனத்துக்காக வாதாடினார்கள். 1915இல் சிங்கள முஸ்லிம் கலவரம் வெடித்து, முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. கலவரத்தை அடக்க வந்த இராணுவச் சட்டத்தின் கொடுமைகளை எதிர்த்து இராமநாதன் சிங்களத் தலைவர்களுக்காக இலண்டன் வரை போனார். இராணுவச் சட்டம் கொடுமையானதுதான். ஆனால் நீங்களும் தமிழரே என்று சொன்ன தலைவர் தாம் அடிபட்ட வேளையில் எந்தப் பக்கம் நின்றார் என்பதை முஸ்லிம்கள் மறக்கவில்லை. இந்த வரலாற்றைத் தமிழ் வாசகர்கள் அதிகம் கேள்விப்பட்டதில்லை. நம் பாடப் புத்தகங்களில் அவர் ஒரு பெருந்தலைவராக மட்டுமே வருகிறார்.

இந்த வாதங்கள் எல்லாம் கொழும்பு வணிகர்களையும் சட்டத்தரணிகளையும் மனதில் வைத்து எழுந்தவை. கல்முனைக் கரையின் வயற்காரரையும் கரைவலைக்காரரையும் நெசவாளரையும் எவரும் கேட்கவில்லை. அவர்களின் கதை வேறு. 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களில் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதாகச் சொல்லப்படுகிறது. அதற்கு முன்னரும் இங்கே முஸ்லிம்கள் இருந்தார்கள். மூர் என்ற பெயர் வைத்தவர்களே துரத்த, துரத்தப்பட்டவர்கள் வந்து நெல் விதைத்த மண் இது.

வந்தவர்களும் இருந்தவர்களும் எப்படிக் கலந்தார்கள் என்பதற்குக் குடி முறையைப் பார்த்தால் போதும். அம்பாறைக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி தாய்வழியாக வருகிறது. தாயின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரே குடிக்குள் கல்யாணம் இல்லை. வீடு மகளுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் வாழ்வார். கோயிலில் குடிக்கு ஒரு வண்ணக்கர் என்றால் பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்கார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் தங்கி ஆராய்ந்து 2008இல் ஒரு பெரிய நூலே எழுதியிருக்கிறார். அரபுக் குலமுறை தந்தைவழி. யாழ்ப்பாணத்துத் தமிழரிடமோ இந்தத் தாய்வழிக் குடி இல்லை. அப்படியானால் அக்கரைப்பற்று முஸ்லிம் யார்? இராமநாதனின் தமிழருக்குள்ளும் அப்துல் அஸீஸின் அரபிக்குள்ளும் அவர் முழுதாக அடங்க மாட்டார். பக்கத்தூர்த் தமிழரோடு வைத்துப் பார்த்தால்தான் அவரை விளங்கும்.

சுதந்திரத்துக்குப் பின்னர் தமிழரசுக் கட்சி 'தமிழ் பேசும் மக்கள்' என்ற தொடரைக் கொண்டுவந்தது. பழைய சண்டையைத் தாண்டிப் போக அது ஒரு வழியாகத்தான் தெரிந்தது. 1956 தேர்தலில் கல்முனையிலும் பொத்துவிலிலும் அந்தக் கட்சியின் முஸ்லிம் வேட்பாளர்கள் வென்றார்கள். பின்னர் கட்சி மாறினார்கள். 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் மேடைகளில் ஏறிய இளம் சட்டத்தரணி எம். எச். எம். அஷ்ரப், 1981இல் தொடங்கிய அமைப்புக்கு ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் என்று பெயரிட்டார். சோனகர் காங்கிரஸ் என்று வைக்கவில்லை. தமிழ் பேசும் என்ற அடைமொழியும் சேர்க்கவில்லை. கிழக்கு தன் பெயரைத் தானே வைத்துக்கொண்ட தருணம் என்று அதைச் சொல்லலாம்.

அதே ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. அந்த எரிப்பைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிகப் பரவலாக அறியப்பட்ட தமிழ்க் கவிதை 'புத்தரின் படுகொலை'. எழுதியவர் கல்முனைக்குடியைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான். கணக்கெடுப்பின்படி அவர் இலங்கைச் சோனகர். பாலஸ்தீனக் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் இவரே. இலங்கை முஸ்லிம் அடையாளம் குறித்து நிதானமாக எழுதிய ஆய்வாளர்களிலும் ஒருவர்.

பிறகு 1990 வந்தது. ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 12ஆம் திகதி சம்மாந்துறைக்கு அருகே வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். இந்தக் கரையில் எவருக்கும் இந்த இரண்டு திகதிகளில் ஒன்று மட்டும் நினைவில் இருப்பதற்கு நியாயம் இல்லை. ஆனால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. சோனகர் என்ற சொல்லைக் கிழக்குத் தமிழர் சிலர் 'சோனி' என்று வெட்டிச் சொல்வதும், சிங்களத்தில் 'தம்பியா' என்பதும் வெறும் சுருக்கப் பெயர்கள் அல்ல என்பதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒதெல்லோவின் முதல் காட்சியில் நடப்பதும் இதுதான்.

பிலிப்பைன்சில் இந்தச் சொல்லின் கதை வேறு திசையில் போனது. ஸ்பானியர் இழிவாகச் சொன்ன மோரோ என்பதை அங்குள்ள முஸ்லிம் இளைஞர்கள் 1970களில் தமது போராட்டத்தின் பெயராக எடுத்தார்கள். பல மொழிகள் பேசும் பல குழுக்களை அந்த ஒரு சொல் இணைத்தது. 2019இல் பங்சாமோரோ என்ற பெயரில் தன்னாட்சிப் பிரதேசம் அமைந்தது. இலங்கையில் அப்படி நடக்கவில்லை. இங்கே சோனகர் என்ற சொல்லுக்குள் மலாயர் வரமாட்டார், மேமன் வரமாட்டார். முஸ்லிம் என்றால் எல்லோரும் வருவார்கள். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ் இந்துக் கல்லூரியில் படித்து, 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அங்கே தொடங்கியது கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம். பின்னர் கொழும்பில் அவர் உருவாக்கிய புலமைப்பரிசில் நிதியத்தின் பெயரிலும் முஸ்லிம் என்ற சொல்தான் இருந்தது.

அஸீஸ் பிறந்த பகுதியை அடுத்து யாழ்ப்பாணத்தில் சோனகதெரு இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி அந்தத் தெருவின் மக்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து பல்லாயிரக்கணக்கானோர் அந்த மாதத்தில் வெளியேற்றப்பட்டு, பெரும்பாலோர் புத்தளத்தில் கூடாரங்களில் ஒதுங்கினார்கள்.

ஸ்பெயினிலும் இப்படி ஒன்று நடந்தது. கிரனாடா வீழ்ந்தபின் மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் சந்ததியினரை மொரிஸ்கோ, அதாவது குட்டி மூர், என்று அழைத்தார்கள். நூறு ஆண்டுகளாகக் கிறிஸ்தவப் பெயரோடு வாழ்ந்தும் பயனில்லை. 1609க்கும் 1614க்கும் இடையில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் கப்பலேற்றப்பட்டார்கள். அது முடிந்து ஓராண்டில், 1615இல், செர்வாண்டிஸ் தமது 'டொன் கிஹோத்தே'யின் இரண்டாம் பாகத்தை வெளியிட்டார். இவர் முன்பு அல்ஜியர்சில் ஐந்து ஆண்டுகள் மூர்களிடம் கைதியாக இருந்தவர். அவர்களை வெறுக்கக் காரணம் உள்ளவர்.

அந்த நூலில் ரிக்கோத்தே என்று ஒரு பாத்திரம் வருகிறது. சாஞ்சோவின் ஊரில் கடை வைத்திருந்த மொரிஸ்கோ. வெளியேற்றப்பட்டு, ஜேர்மனி வரை போய், யாத்திரிகர் வேடத்தில் திருட்டுத்தனமாகத் திரும்பி வருகிறார், ஊருக்கு வெளியே புதைத்து வைத்த பணத்தைத் தோண்டி எடுக்க. வழியில் சாஞ்சோவைக் காண்கிறார். பழைய அயலவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், புல்லில் அமர்ந்து சாப்பிடுகிறார்கள், குடிக்கிறார்கள். எங்கே போனாலும் ஸ்பெயினை நினைத்தே அழுகிறோம், அதுதான் எங்கள் தாய்நாடு என்கிறார் ரிக்கோத்தே. அரசன் செய்தது சரி என்றும் அதே வாயால் சொல்கிறார். அச்சேற வேண்டுமென்றால் அப்படிச் சொல்ல வைத்துத்தான் ஆகவேண்டும் என்று செர்வாண்டிசுக்குத் தெரியும். புதையலைத் தோண்ட உதவி செய், பணம் தருகிறேன் என்று சாஞ்சோவைக் கேட்கிறார். அரசனுக்குத் துரோகம் செய்ய மாட்டேன் என்று சாஞ்சோ மறுக்கிறான். ஆனால் உன்னைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன் என்கிறான். ரிக்கோத்தேயின் மகளை ஊரைவிட்டுக் கொண்டுபோன நாளில் தெருவே கூடி நின்று அழுததையும், தானும் அழுததையும் சொல்கிறான். பிறகு இருவரும் தத்தம் வழியே போகிறார்கள்.

சோனகதெருவுக்கு 2002க்குப் பின்னரும் 2009க்குப் பின்னரும் சில குடும்பங்கள் திரும்பின. பலர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். சோனகர் எவரும் அங்கே வாழாத அந்த ஆண்டுகளிலும் யாழ்ப்பாணத்தில் அந்தத் தெருவைச் சோனகதெரு என்றே அழைத்துவந்தார்கள்.